ஒன்பதாவது சுவர்

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் இடம் மாறிவிட்டது. இங்கே காதுதான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். காது என்னுடையது. சுவர் யாருடையதாகவும் இருக்கும்.

என் மனைவி நாடக அரங்கத்தின் வாத்தியக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாகக் கிளாரினெட் வாசிக்கிறாள். அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வாத்தியம் வாங்கப் போகிறவர் தன் காதை நம்பக்கூடாது. மவுத்பீஸைப் பல்லில் அழுத்திக்கொண்டு ஊதுவதால் பாதிச் சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறிவிடுமாம். வெளியே என்ன போகிறது என்பது ஊதுகிறவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கூட ஒரு ஆளை அழைத்துப் போவார்கள். அந்த ஆள் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் பழைய வாத்தியத்தையும் வாங்கப்போகிற வாத்தியத்தையும் மாற்றி மாற்றி எடுத்து, ஒரே எட்டு வரியை ஊதுவார்கள். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசக்கூடாது, எல்லாம் சைகைதான். கடைசியில் எத்தனாவது நன்றாக இருந்தது என்று அவன் எண்ணைச் சொல்ல வேண்டும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிடக்கூடாது என்பதற்காக மூன்று சுற்று ஊதுவார்கள்.

கூட வாசிக்கிறவர்களில் ஒருவரை அழைத்துப் போகலாமே என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "அவங்களுக்கெல்லாம் அபிப்பிராயம் இருக்கு. உங்களுக்குக் காது மட்டும்தான் இருக்கு" என்றாள். அவள் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டை நான் இன்றுவரை வாங்கியதில்லை.

எனக்குச் சங்கீதம் தெரியாது. சத்தம் தெரியும். நான் லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறையின் கதவைத் திறப்பதற்கு முன்பே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர்கள் ஏறுவதற்கு வழி செய்துவிட்டு, நான் படியில் நடந்து இறங்குகிறேன். முட்டி இரண்டும் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

இந்த முறை மட்டும் இரண்டு மாதத்தில் எட்டு கிளாரினெட், எட்டு சுவர். ஒன்றில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலண்டர் தொங்கியது. ஒன்றில் ஈரம் ஏறி பெயிண்ட் செதில் செதிலாக நின்றது. ஒரு வீட்டில் குழந்தைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். ஒருத்தன் பன்னிரண்டாம் வயதுக்கு மேல் அளக்கவே நிற்கவில்லை என்பது வரை எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் காலை ஷிப்ட் முடிந்து, கையில் கிரீஸ் வாடையோடு யாரோ ஒருவர் வீட்டு முக்காலியில் போய் உட்காருவேன். அலுத்துப்போய்விட்டது. அவளும் அலுத்துத்தான் போயிருந்தாள்.

எல்லாம் வருகிற வியாழக்கிழமைக்காக. குழுவுக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்திருந்தார். அவர் கையில் எப்போதும் இருக்கும் அந்தச் சின்னக் குச்சியால் எங்கள் வீட்டில் அவருக்குக் குச்சிக்காரர் என்று பெயர். மேல் சுரங்களுக்குப் போகும்போது காற்று கலந்து வருகிறது என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். வியாழக்கிழமை மூன்று பேர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். சரிவரவில்லை என்றால், மேல் சுரங்களை வாசிக்க அவள் உட்கார்ந்திருக்கும் முதல் நாற்காலிக்கு வேறு ஆள். அவள் ஐம்பத்தோரு வயதில் வேறு எங்கே போய் ஊதுவாள்?

"மரம் களைச்சுப்போச்சு" என்றாள் அன்று வீட்டுக்கு வந்து. "எத்தனை வருஷம் எச்சிலும் சூடும் பட்டிருக்கு. உள்ள துளையே மாறியிருக்கும். வேற வாங்கணும்."

மரம் களைத்துப்போகும் என்று அவர்களில் பாதிப் பேர் சத்தியம் செய்வார்கள், மீதிப் பாதி சிரிப்பார்கள். நான் எந்தப் பக்கமும் சேராமல் சரி என்றேன்.

போன வருஷம் ஒரு காலை, பல் துலக்கிக் கொப்பளிக்கும்போது தண்ணீர் அவளுடைய இடது கடைவாய் வழியாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முகவாதம். மாத்திரை, ஊசி, கன்னத்துக்குப் பயிற்சி என்று இரண்டு மாதம் போனது. தொண்ணூற்றைந்து சதவீதம் சரியாகிவிட்டது என்றார் டாக்டர். மீதி ஐந்து எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்கவில்லை.

நாலாவது சுவரிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. நான்கு கிளாரினெட், நான்கு விதமான மரம். நான்கிலும் எட்டு வரியில் ஆறாவது வரி மேலே ஏறும் இடத்தில், சுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன "ஸ்ஸ்". லிஃப்ட் கதவின் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் கிழிந்தால் அப்படித்தான் வரும். வாத்தியம் மாறியது, "ஸ்ஸ்" மாறவில்லை. அவளுடைய இடது கடைவாயில் இருந்துதான் அது வந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. என் நாக்கு நுனிவரை அது வந்ததை நான் மறைக்கவில்லை. ஆனால் அது அவளுக்குப் பொருந்தாது. அவளுக்கு ஆடத் தெரியும். அதனால்தான் என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்து வெளியே வரும்போதும் "காத்து வந்துதா?" என்று கேட்பாள். "பரவால்ல. ஆனா அது நமக்கு வேண்டாம்" என்பேன். கிளாரினெட்டை எங்கேயாவது தேடி வாங்கிவிடலாம். கடைவாயை எங்கே போய் வாங்குவது? கோழை என்றால் கோழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாவது, ஒரு ரிப்பேர்காரரின் பட்டறை. மூன்றாவது மாடி. லிஃப்டில் "பழுது" என்று அட்டை மாட்டியிருந்தது. அட்டையின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அதை மாட்டியவன் சம்பளம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்கே போயிருப்பான். கடைசிப் படியில் அவள் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

"உக்காந்துட்டுப் போலாமா?"

"உள்ள போய் உக்காரத்தானே போறேன்."

ரிப்பேர்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் ராணுவ பேண்டில் கிளாரினெட் ஊதியவராம். ஜன்னலோரமாக ஒரு நீள மேஜை, அதில் தக்கைத் தகடுகள், ஸ்பிரிட் விளக்கு, கண்ணுக்கே தெரியாத ஸ்குரூக்கள் போட்ட மூடிகள். அரக்கு வாடை. அவர் ஒரு பழைய பெட்டியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு ஸ்கூல் வாத்தியாரோடதும்மா. அஞ்சு வருஷமா பெட்டியிலயே கிடந்துது. துளையை மூடுற பேடு எல்லாம் மாத்தியிருக்கேன். ஆனா மரம் காஞ்சிருக்கு. முதல் நாளே ரொம்ப நேரம் ஊதிடாதீங்க, சூடு தாங்காம வெடிச்சிடும். பத்து நிமிஷம். அதுக்கு மேல வேணாம்."

"தெரியும் அண்ணே" என்றாள். யாரோடு வியாபாரம் பேசினாலும் அவளுக்கு அண்ணன்தான்.

அவள் ஒரு வாத்தியத்தைப் பார்க்கும் விதம் எனக்குப் பிடிக்கும், அலுப்பிலும் பிடிக்கும். முதலில் மோந்து பார்த்தாள். பூஞ்சை வாடை இல்லை. மேல் துண்டை ஜன்னல் பக்கம் தூக்கி உள்துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தாள். மரத்தின் நீளத்துக்கும் கட்டைவிரல் நகத்தை ஓட்டினாள். விரிசல் இருந்தால் கண்ணுக்கு முன்னால் நகத்துக்குத் தெரியும். மெல்லிய காகிதத் துண்டை துளைகளின் ஒவ்வொரு மூடிக்கும் அடியில் வைத்து, மூடியை அழுத்தி, மெதுவாக இழுத்தாள். காகிதம் எங்கேயும் வழுக்கவில்லை.

பிறகு காற்றுச் சோதனை. துண்டின் அடியை உள்ளங்கையால் அடைத்து, துளைகளையெல்லாம் விரலால் மூடி, மேல் பக்கம் வாய் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். எங்கும் கசிவு இல்லையென்றால் அந்த இழுப்பு நாலைந்து விநாடி நிற்கும், வாயை எடுக்கும்போது "டப்" என்று சத்தம் வரும். முதல் தடவை நிற்கவில்லை. ரிப்பேர்காரரின் புருவம் ஏறியது. அவள் உதட்டை இன்னும் அழுத்திக்கொண்டு மறுபடி உறிஞ்சினாள். நின்றது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டிக் கையில் பிடித்தபோது முகம் கொஞ்சம் தெளிந்தது. "கைக்கு அடக்கமா இருக்கு. இடது சுண்டுவிரல் கீ மட்டும் விறைப்பு."

"ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கலாம்."

"கட்டைவிரல் தாங்கி ரொம்பக் கீழ இருக்கே. வாத்தியாருக்குப் பெரிய கையோ?"

"ஆறடி ஆளும்மா" என்றார்.

தன் மவுத்பீஸையும், ரீடு என்கிற நாணல் சீவலையும் மாட்டி, கீழ்ச் சுரங்களை ஊதிப் பார்த்தாள். தடிமனான, இருட்டான சத்தம். எந்தக் கிளாரினெட்டிலும் நடுவில் நாலு சுரம் மூக்கடைத்தாற்போல்தான் வரும். இதில் அந்த அடைப்புகூடக் குறைவு. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசை எனக்கு வேதனையாக இருந்தது.

"எந்தச் சுவர்?" என்றேன். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

பட்டறையின் உள்பக்கச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, பிரித்த கிளாரினெட்டுகளின் கீ எல்லாம் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார். அதன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பின்னால் சத்தம் அடங்கியது.

ஒன்று. எட்டு வரி. எனக்குத் தெரிந்த சத்தம், அவளுடைய பழையதுதான் என்று நினைத்தேன். ஆறாவது வரியில் "ஸ்ஸ்".

இரண்டு. வாத்தியாருடையது. கீழே அழகாக இருந்தது. மேலே ஏறும்போது என்னையும் அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஸ்ஸ்".

பிறகு ஒரு இடைவெளி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். மரம் உரசும் சத்தம், துணி உதறும் சத்தம். ரிப்பேர்காரர் இன்னொரு கிளாரினெட்டை எடுத்துக் கொடுக்கிறார் போல என்று நினைத்து, நான் தொங்கும் கீக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று. முதல் வரியிலேயே ஏதோ வேறாக இருந்தது. சத்தம் நிமிர்ந்து வந்தது. மூச்சு விடும் இடங்கள் கொஞ்சம் மாறியிருந்தன. புதுச் செருப்புப் போட்டால் நடை மாறுவதில்லையா, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது வரி ஏறியது. சுரம் மட்டும். பக்கத்தில் எதுவும் இல்லை. ஏழாவது வரியில், உச்சியில் நீட்டி நிறுத்தும் அந்த ஒற்றைச் சுரம் சுத்தமாக நின்று, சுத்தமாக முடிந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை. இத்தனை நாளும் நான்தான் தப்பாக நினைத்திருக்கிறேன். குறை மரத்தில்தான் இருந்திருக்கிறது. அவள் சரியாகிவிட்டாள், அந்த ஐந்து சதவீதமும் வந்துவிட்டது, அவளுக்கேற்ற வாத்தியம்தான் கிடைக்காமல் இருந்தது. மூன்று சுற்று முடிய வேண்டும் என்ற முறையெல்லாம் மறந்துபோனது.

"மூணு" என்றேன் சுவரிடம். "மூணுதான். இதையே வாங்கிடு. காத்தே இல்ல."

திரும்பினேன்.

ரிப்பேர்காரர் நின்று ஊதிய நிலையிலேயே, வாயிலிருந்து எடுத்த கிளாரினெட்டைக் கையில் பிடித்திருந்தார். ஒரு கீயில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. ஸ்பிரிங் உடைந்தபோது சமாளிக்க நான் சுற்றிக் கொடுத்தது. அது அவளுடைய பழைய கிளாரினெட். அவள் நாலடி தள்ளி, ஜன்னல் பக்கமாக நின்றிருந்தாள். தன்னுடையது எவ்வளவு களைத்துவிட்டது என்று ஒரு தடவையாவது தள்ளி நின்று கேட்க ஆசைப்பட்டு, அவரை ஊதச் சொல்லிச் சைகை காட்டியிருக்கிறாள்.

"மவுத்பீஸ் உங்களோடது" என்றாள் அவரிடம்.

"ஆமாம்மா."

"என்னோடதை மாட்டி ஊதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அவளுடைய மவுத்பீஸையும் ரீடையும் ஸ்பிரிட்டில் துடைத்தார், மாட்டினார், கடைசி மூன்று வரியை மட்டும் ஊதினார். இந்த முறை நான் சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். உச்சிச் சுரம் நின்றது. அவள் தலையை லேசாக ஆட்டிக்கொண்டே கேட்டாள், நல்ல வாசிப்பைக் கேட்கும்போது ஆட்டுவதுபோல.

"நல்ல மரம்மா இது" என்றார் அவர், குற்றம் செய்தவர் குரலில். "எதுவும் களைக்கல."

அவள் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். இடது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"காத்தே இல்லன்னு சொன்னீங்க" என்றாள் என்னிடம். "அப்போ மத்ததுல எல்லாம் இருந்துது."

"ம்."

"எத்தனாவது சுவத்துல தெரிஞ்சுது?"

"நாலாவது."

"கேட்டேனே. ஒவ்வொரு வாட்டியும் கேட்டேனே."

"கேட்ட."

"பரவால்லன்னீங்க."

"உன் மனசு கஷ்டப்படும்னுதான்…"

"என் மனசைப் பாத்துக்க நான் உங்களை அங்க உக்கார வைக்கல" என்றாள். குரல் உயரவே இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ரிப்பேர்காரர் வாத்தியாருடைய கிளாரினெட்டைப் பிரித்து, உள்ளே ஈரத்தைத் துடைத்து, பெட்டியில் அடுக்கினார். அது விற்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெட்டியைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினார்.

"மேல போகப் போக உதட்டை இறுக்கணும். அங்கதான் ஓரம் நழுவுது. கீழ அவ்வளவு இறுக்கம் தேவையில்ல. கொஞ்சம் மெல்லிசு ரீடு போட்டா இன்னும் சுலபம்."

அவள் கேட்டுக்கொண்டாள் என்பது தெரிந்தது. அவர் நீட்டிய ரீடுகளில் மெல்லிசாக ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைத்தாள்.

"ரெண்டாவது நாற்காலிக்காரர் அடுத்த மாசம் ஓய்வு வாங்கறார்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "அந்த இடத்தை யாரும் கேட்கல. மேல ஏறுற வேலையே கிடையாது. முழுக்கக் கீழதான்."

அந்த நாற்காலியை அவள் எத்தனை கிண்டல் செய்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். படுத்துக்கொண்டே வாசிக்கலாம் என்பாள். முதல் நாற்காலியை விட்டுவிட்டு அதைக் கேட்டு வாங்குவது என்றால், வியாழக்கிழமைக்கு முன்பே குச்சிக்காரரிடம் போய், என்னால் மேலே முடியாது என்று அவளே சொல்ல வேண்டும். கீழேயும் காற்று வந்தால் அந்த நாற்காலியும் இல்லை. வீட்டில்தான் உட்கார வேண்டும்.

பழைய கிளாரினெட்டில் ரீடை மாட்டினாள். "திரும்புங்க" என்றாள்.

திரும்பினேன்.

இரண்டாவது நாற்காலியின் பகுதியை ஊதினாள். நான் அதுவரை அதைத் தனியாகக் கேட்டதே இல்லை. மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை, மற்றவர்கள் மேலே பாடுவதற்குக் கீழே தாங்கல் கொடுக்கிற சுரங்கள். மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தன. வாழ்க்கையில் எந்த மோட்டாரையும் நான் அப்படி உற்றுக் கேட்டதில்லை. ஒரு ஓரத்தில், ஒரு சுரத்தின் முடிவில், எங்காவது அந்த "ஸ்ஸ்" ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். முதல் சுற்றில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதும் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"இல்ல" என்றேன். "சுத்தமா இருக்கு. ஒரு இடத்துலகூட காத்து இல்ல."

சத்தியமாக இல்லை.

பின்னால் அவள் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது.

"அண்ணே" என்றாள். "இவர் சொல்றது நிஜம்தானா?"

அவர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பிறகு, "நிஜம்தாம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் கிளாரினெட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.